பட்டன் இருக்கிற டயரும் வழுக்கும்: குமரி மழையில் ஐந்து வருடம், 62,000 கிலோமீட்டர்

என் வண்டி ஒரு 125 சிசி பைக். 2020 அக்டோபரில் எடுத்தது, மீட்டர் இப்போது 62,000-ஐத் தாண்டி நிற்கிறது. வீடு குலசேகரத்துக்கு மேலே பேச்சிப்பாறை போகிற பக்கம், வேலை தக்கலையில். திருவட்டாறு வழியாகப் போக வர நாற்பது கிலோமீட்டருக்கு மேல் வரும், மழையானாலும் வெயிலானாலும் பைக்தான்.

வெளியூர்க்காரர்களுக்காக எங்கள் ரோட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு வருடத்தில் இரண்டு மழைக்காலம். ஜூனில் கேரளாவோடு சேர்ந்து தென்மேற்கு வந்துவிடும், அது ஓய்ந்து துணி காயப்போடுவதற்குள் அக்டோபரில் வடகிழக்கு தொடங்கிவிடும். ரோட்டின் இரண்டு பக்கமும் ரப்பர் தோட்டம், வெயில் தரையில் விழாது, பல இடங்களில் ரோட்டோரம் செம்மண் மேட்டை வெட்டி விட்டிருப்பார்கள், நல்ல மழை பெய்தால் அந்த மண் குழம்பாகக் கரைந்து தார் மேல் படிந்துவிடும். நிழல் அதிகமான சிமெண்ட் ரோடுகளில் பாசி. வீட்டுக்குப் போகிற கிளை ரோட்டில் 2017 நவம்பர் 30 ஓகி புயலில் மரமெல்லாம் சாய்ந்த ஒரு இடம் உண்டு. அதற்குப் பிறகு சில வருடம் அங்கே மட்டும் மழை விட்ட ஒரு மணி நேரத்தில் ரோடு காய்ந்துவிடும். புதிதாக நட்ட ரப்பர் இப்போது வளர்ந்து பால் வெட்டுகிற பருவத்துக்கு வந்துவிட்டது, நிழலும் திரும்பிவிட்டது, கூடவே பாசியும்.

இந்த ஐந்து வருடத்தில் வண்டி வழுக்காமல் இருக்க என்னென்னவோ செய்து பார்த்தேன். அதில் எது உதவியது, எது உதவவில்லை என்பதை எழுதுகிறேன். எல்லாவற்றிலும் பெரிய வித்தியாசம் காட்டியது டயர் ரப்பரின் வயது. டயர் வாங்கப் போனால் நாம் எல்லோரும் பட்டனை, அதாவது டயர் மேலே பள்ளங்களுக்கு நடுவே துருத்தி நிற்கிற ரப்பர் திட்டுகளைத்தான் பார்ப்போம், நானும் அப்படித்தான் பார்த்தேன், அதனால்தான் விழுந்தேன்.

2022 ஆகஸ்டில், 24,000 கிலோமீட்டரில், வண்டியோடு வந்த பின் டயர் மொட்டையாகிவிட்டது. ஒரு கடையில் மற்ற இடத்தைவிட 300 ரூபாய் குறைத்துக் கொடுத்தார்கள். பட்டன் ஆழமாக, பளபளவென்று இருந்தது. வாங்கி மாட்டிவிட்டேன். வெயில் காலத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. மழையில் மட்டும் பின்பக்கம் லேசாக ஆடும், சில வளைவில் யாரோ பின்னால் இருந்து தள்ளுவது போல இருக்கும். ரோடு சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். 2023 ஜூன், அந்த வருட மழையின் தொடக்கம், திருவட்டாறு தாண்டி ஒரு இடது வளைவு. வேகம் முப்பதுக்கு மேல் இருக்காது. எதிரே ஆட்டோ வந்தது, காலால் பிரேக்கைத் தொட்டேன், அவ்வளவுதான், பின் சக்கரம் வலது பக்கமாக விலகிப் போய்விட்டது. இடது முழங்கையும் முட்டியும் உரசிச் சதை தெரிந்தது. ஆட்டோக்காரர் சட்டென்று நிறுத்திவிட்டதால் இன்று இதை எழுதுகிறேன்.

வளைந்த ஃபுட்ரெஸ்டை நிமிர்த்த எங்கள் ஊர் பஞ்சர் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அவர் ஃபுட்ரெஸ்டைப் பார்ப்பதற்கு முன்னால் பின் டயரில் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினார். பிறகு பக்கத்தில் கிடந்த புது டயர் ஒன்றை இழுத்துப்போட்டு, "இதுல அழுத்திப் பாரு மக்கா" என்றார். புது டயரில் நகம் கொஞ்சம் இறங்கியது, எடுத்ததும் பிறைமாதிரி ஒரு தடம் இருந்து மெல்ல மறைந்தது. என் டயரில் நகம் இறங்கவே இல்லை. மாட்டுக் கொம்பை அழுத்துவது போல இருந்தது, தடமும் விழவில்லை. "பட்டன் இருக்கு, ரப்பர் செத்துப்போச்சு" என்றார்.

அப்புறம் டயரின் பக்கவாட்டைத் துடைத்து ஒரு நீள்வட்டத்துக்குள் இருந்த நான்கு எண்ணைக் காட்டினார். 4117. முதல் இரண்டு எண் வாரம், அடுத்த இரண்டு வருடம். 2017-ஆம் வருடத்தின் 41-ஆவது வாரம் செய்த டயர். நான் வாங்கும்போதே அதற்கு ஐந்து வயது ஆகப்போகிறது. கடையில் எங்கே, எந்த வெயிலில் கிடந்ததோ. எல்லா டயரிலும் இந்த எண் இருக்கும், பார்க்க ஒரு நிமிடம் கூட ஆகாது, வாங்கும் முன் தயவுசெய்து பாருங்கள். நான் இப்போது ஆறு மாதத்துக்கு மேல் பழைய டயரைத் தொடுவதில்லை.

வீட்டில் அப்பாவிடம் சொன்னபோது அவருக்கு இது புதுச் செய்தியாக இல்லை. முப்பது வருடமாக ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். ஒட்டுப்பால் (மரத்திலேயே உறைந்து ஒட்டிக்கொள்கிற ரப்பர் பால்) புதிதாக இருக்கும்போது எப்படி இழுபடும், வெயிலில் கிடந்த ரப்பர் பேண்ட் எப்படி வெடித்து முறியும் என்று அவர் கையாலேயே தெரியும். தார் ரோட்டைக் கிட்டக் குனிந்து பார்த்தால் சின்னச் சின்னக் கல் துருத்திக்கொண்டிருக்கும், மென்மையான ரப்பர் அந்தக் கல்லைச் சுற்றிப் பதிந்து பிடித்துக்கொள்ளும், இறுகின ரப்பர் கல்லின் தலைமேல் ஓடும். பட்டனின் வேலை நடுவே நிற்கிற தண்ணீரை வெளியே தள்ளுவது. தண்ணீர் போனபின் ரோட்டைப் பிடிக்க வேண்டியது ரப்பர்தான். அது செத்துவிட்டால் பட்டன் எவ்வளவு ஆழம் இருந்தும் பயனில்லை. இதிலே இன்னொரு விஷயமும் தெரிந்துகொண்டேன்: எங்கள் மரத்துப் பால் உறுதிக்கும் சூடு ஏறாமல் இருக்கவும் லாரி டயரில்தான் அதிகம் போகிறது, ஈர ரோட்டில் பிடிப்புக்கென்று செய்கிற டயரின் மேல்பகுதியில் செயற்கை ரப்பரும் சிலிக்காவும் நிறையச் சேர்க்கிறார்கள்.

பட்டன் வேண்டாம் என்று அர்த்தமில்லை. சட்டப்படி இரண்டு சக்கர வண்டிக்கு 0.8 மில்லிமீட்டர், காருக்கு 1.6 மில்லிமீட்டர் பட்டனாவது இருக்க வேண்டும். பள்ளத்துக்குள் குறுக்கே சின்னத் திட்டு மாதிரி ஒன்று இருக்கும், பட்டன் அதன் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் டயர் முடிந்தது. எங்கள் மழைக்கு 0.8 வரை போகவே விடக்கூடாது என்பது என் கருத்து. ஜூனுக்கு முன்னால் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுகிறேன்.

விழுந்த வாரமே முன்னும் பின்னும் புது டயர் போட்டேன். எந்தக் கம்பெனி என்று கேட்கிறார்கள், ஆனால் கம்பெனி பெயரால் பிரயோசனமில்லை, ஏனென்றால் ஒரே கம்பெனி நீண்ட நாள் ஓடுகிற டயரும் செய்கிறது, பிடிப்புக்கென்று மென்மையான டயரும் செய்கிறது. கடையில் "மைலேஜ் வேண்டாம், மழையில கிரிப் வேணும்" என்று தெளிவாகக் கேளுங்கள். நான் போட்ட மென்மையான பின் டயர் 17,000 கிலோமீட்டரில் முடிந்துவிட்டது, முதல் டயர் 24,000 வந்தது. அந்த 7,000 கிலோமீட்டர் நஷ்டம் எனக்குச் சம்மதம். 2024 நவம்பரில் அதே ரகத்தில் இன்னொரு புது டயர் போட்டேன், அது இப்போது 11,000 ஓடியிருக்கிறது.

புது டயரிலும் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, அச்சிலிருந்து டயர் ஒட்டாமல் வெளியே வரத் தடவுகிற வழவழப்பு மேலே இருக்கும், முதல் நூறு நூற்றைம்பது கிலோமீட்டர் சாய்க்காமல், பதமாக ஓட்ட வேண்டும். இரண்டாவது, பக்கவாட்டில் ஒரு அம்புக்குறி இருக்கும், சக்கரம் முன்னோக்கிச் சுழல்கிற பக்கம் அம்பு பார்க்க வேண்டும். எனக்குப் போட்டுக்கொடுத்த இடத்தில் பின் டயரைத் திருப்பி மாட்டிவிட்டார்கள். வெளியே தள்ள வேண்டிய தண்ணீரைப் பள்ளம் உள்ளே இழுக்கும். ஒரு வாரம் கழித்து வண்டி கழுவும்போதுதான் பார்த்தேன், திரும்பப் போய் மாற்றினேன்.

காற்று விஷயத்தில் நம்மூரில் இரண்டு பழக்கம் உண்டு. பெட்ரோல் பங்கில் கேட்காமலேயே நாற்பது பவுண்டு அடித்துவிடுவார்கள். டயர் ரோட்டில் படுகிற இடம் சுருங்கிப்போகும், கல்லில் பட்டால் துள்ளும். மழைக்காலத்தில் கிரிப் கிடைக்கும் என்று சிலர் இருபதுக்கும் கீழே இறக்கிவிடுவார்கள், அதையும் ஒரு மாதம் செய்து பார்த்தேன். தோட்டத்துச் சேற்றில் மெல்லப் போக அது கொஞ்சம் உதவுகிறது. தார் ரோட்டிலோ வளைவில் டயர் பிதுங்கி வண்டி நெளிகிறது, பட்டன் பள்ளமும் மூடிக்கொள்கிறது. என் வண்டி ஸ்டிக்கரில் முன்னால் 25, பின்னால் 28 என்று போட்டிருக்கிறது, ஆள் ஏறினால் பின்னால் கூடுதல். வாரம் ஒருமுறை காலையில், டயர் சூடாவதற்கு முன் பார்த்து அதையே வைக்கிறேன்.

வாட்டர் சர்வீஸ் பற்றி ஒரு எச்சரிக்கை. கழுவி முடித்துப் பளபளப்புக்காக எஞ்சின் மேல் டீசல் அடிக்கிற வழக்கம் இன்னும் இருக்கிறது. அது பின் டயரிலும் பிரேக் டிரம்மிலும் படும். டயர் பாலிஷும் அப்படித்தான், பக்கவாட்டில் தேய்ப்பது வழிந்து பட்டனுக்கு வரும். இரண்டும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வீட்டில் செயினுக்கு எண்ணெய் விடும்போதும் ஒரு துணியை டயர் மேல் போட்டுக்கொள்கிறேன்.

சரி, டயர் எவ்வளவு நல்லதானாலும் ஈர ரோடு ஈர ரோடுதான். நாற்பதில் போகிற வண்டி காய்ந்த தாரில் பிரேக் பிடித்த பின் சுமார் 9 மீட்டரில் நின்றால், நனைந்த தாரில் அதற்கு 15 மீட்டர் போல ஆகும், அதுவும் நாம் பார்த்துச் சுதாரிக்கிற நேரத்தில் ஓடுகிற தூரம் போக. அதே இடத்தில் முப்பதில் போனால் பிரேக் தூரம் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். பத்து கிலோமீட்டர் குறைத்ததற்கு இவ்வளவு லாபம் தருகிற வேறு எந்தப் பொருளும் கடையில் கிடைக்காது. என் வண்டியில் இருப்பது சிபிஎஸ், கால் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் கொஞ்சம் பிடிக்கும். 2019 ஏப்ரலில் 125 சிசி வரையிலான புது வண்டிக்கு இதையாவது கட்டாயமாக்கினார்கள், அதற்கு மேலே ஏபிஎஸ். காலால் மிதித்தாலே முன் சக்கரமும் பிடிக்கும் என்பதால், வளைவுக்குள் சாய்ந்தபடி காலால் அழுத்துவதை அடியோடு விட்டுவிட்டேன். வளைவுக்கு முன்பே நேராக இருக்கும்போது வேகத்தைக் குறைத்து, கியர் இறக்கி, கிளட்சை மெதுவாக விட்டு, ஒரே ஆக்சிலேட்டரில் வளைகிறேன். ஏபிஎஸ் வண்டி வைத்திருப்பவர்களும் ஒன்றை நினைவில் வையுங்கள்: அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும், இல்லாத பிடிப்பை உண்டாக்காது.

இடங்களைப் பொறுத்தும் ஓட்டம் மாறும். கோடை முடிந்து பெய்கிற முதல் மழையின் அரை மணி நேரம்தான் ஆக மோசம், பல நாள் தூசியும் எண்ணெயும் சேர்ந்து சோப்பு மாதிரி ஆகிவிடும், முடிந்தால் ஒரு டீக்கடையில் ஒதுங்கிவிடுவேன். வெள்ளைக்கோடு, பாலத்தில் குறுக்கே வரும் இரும்பு இணைப்பு, இதையெல்லாம் நேராகக் கடக்க வேண்டும், சாய்ந்துகொண்டு கூடாது. சானல் (பாசனக் கால்வாய்) கரை ரோட்டில் தண்ணீர் நின்ற இடத்தைக் கடந்தால் பின் டிரம் பிரேக் சற்று நேரம் பிடிக்காது, மெதுவாகப் போய்க்கொண்டே லேசாக மிதித்துக் காயவைக்க வேண்டும். ஜனவரி, பிப்ரவரியில் ரப்பர் இலை கொட்டும். மழை இல்லை என்று நினைப்போம், ஆனால் காலைப் பனியில் நனைந்த இலைக்கு அடியில் ரோடே தெரியாது.

சேற்றுச் சரிவு வேறு கதை. போன வருடம் மாமாவின் பிக்கப் எங்கள் தோட்டத்துப் பாதையில் ஏற மறுத்துவிட்டது. காலி வண்டி, பின் சக்கரத்தின் மேல் எடையே இல்லை, அவர் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சக்கரம் குழி பறித்தது. அப்பா போய், "மச்சான், எஞ்சினை ஆஃப் பண்ணும், மிதிக்காதீரும்" என்று நிறுத்திவிட்டு, சக்கரத்துக்கு முன்னால் சேற்றை மண்வெட்டியால் வழித்து, தேங்காய்க் கதம்பையை (உரித்த மட்டையை) நார் மேலே வருகிற மாதிரி நெருக்கி அடுக்கினார், அதன் மேல் ஒரு ஈரச் சாக்கு. நாலு மூட்டை மண் நிரப்பிப் பின் ஆக்சிலுக்கு நேராக வைத்தோம். முதல் கியருக்குப் பதில் இரண்டாவதில், கிளட்சை மெதுவாக விட்டு எடுக்கச் சொன்னார். கதம்பை நறநறவென்று நசுங்கியது, வண்டி ஒரே இழுப்பில் ஏறிவிட்டது. இப்போது மாமா மழைக்காலம் முழுக்க அந்த மண் மூட்டையை இறக்குவதில்லை. வழுக்காமல் கட்டிவைக்கவும் மறப்பதில்லை, பிரேக் பிடிக்கும்போது மூட்டை முன்னால் பாய்ந்தால் ஆபத்து. பைக் டயரில் கயிறு சுற்றுகிற யோசனை சொல்கிறவர்கள் உண்டு, பிரேக் ராடிலோ செயினிலோ சிக்கினால் என்ன ஆகும் என்று யோசித்து நான் அதைச் செய்யவில்லை.

இந்த நவம்பரிலும் மழைக்குக் குறைவில்லை. 2023-இல் போட்ட டயர்களில் முன் டயர் மட்டும் இன்னும் அதேதான், பட்டன் நன்றாகவே இருக்கிறது. நேற்று நகத்தை வைத்து அழுத்திப் பார்த்தேன். இறங்குகிறது, ஆனால் பின் டயரில் இறங்குகிற அளவுக்கு இல்லை. ஜூனுக்குள் அதை மாற்றிவிடுவேன்.