"டைமிங் பெல்ட் மாத்தியாச்சு" என்ற பில்லை நம்பிப் பழைய ஆக்டேவியா ஆர்எஸ் வாங்காதீர்கள்

போன மாதம் எங்கள் ஷெட்டுக்கு ஒரு ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் (ஆக்டேவியாவின் டர்போ பெட்ரோல் வேக மாடல்) கயிறு கட்டி வந்தது. 2004 பதிவு. வாங்கி 40 நாள்தான் ஆகிறது. வாங்கிய தம்பி மூன்று வருடம் சேர்த்த பணத்தை அதில் போட்டிருக்கிறார். பதினைந்து வருடமாவது வைத்துக்கொள்ள வேண்டும் என்று வாங்கியது. விற்றது பழைய கார்களைப் பாலிஷ் போட்டு விற்கும் ஒரு கடை. பெயர் எழுதவில்லை, இதே வேலையைச் செய்யும் கடை எல்லா ஊரிலும் உண்டு. அவர்கள் சொன்னது நான்கு: ஒரே ஓனர், 78,000 கி.மீ., பெயின்ட் ஒரிஜினல், டைமிங் பெல்ட் (பிஸ்டனும் வால்வும் ஒரே தாளத்தில் ஓடவைக்கும் பல் பெல்ட்) மாற்றியாச்சு. கடைசியாகச் சொன்னதற்கு மட்டும் பில் கொடுத்தார்கள். அந்தப் பில் பொய்யில்லை. தம்பி ஏமாந்ததும் அதனால்தான்.

பில்லில் ஒரே வரி: "டைமிங் பெல்ட் – 1". முன்பக்கக் கவரைக் கழற்றிப் பார்த்தால் பெல்ட் உண்மையிலேயே புதுசு, முதுகில் இருக்கும் அச்செழுத்துகூட அழியவில்லை. ஆனால் பெல்ட்டை இறுக்கி வைக்கும் டென்ஷனர், ரோலர், வாட்டர் பம்ப் மூன்றும் பழசு. இந்த 1.8 டர்போ இன்ஜினில் வாட்டர் பம்பைச் சுற்றுவதும் அதே பெல்ட்தான். பம்ப் பேரிங் ஆட்டம் கண்டு, ஓட்டத்திலேயே இறுகி, பெல்ட் பல் தாண்டிவிட்டது. டைமிங் தவறினால் பிஸ்டன் போய் வால்வில் இடிக்கும் வகை இன்ஜின் இது. சிலிண்டருக்கு ஐந்து வீதம் மொத்தம் 20 வால்வு. இன்டேக் பக்கம் நேராக நின்ற வால்வு ஒன்றுகூட இல்லை.

இந்த இன்ஜினில் "பெல்ட் மாற்றுவது" என்றால் பெல்ட், டென்ஷனர் ரோலர், அதை அழுத்தும் ஹைட்ராலிக் டேம்பர், வாட்டர் பம்ப், புது கூலன்ட் எல்லாம் சேர்ந்த ஒரே வேலை. கழற்றி மாட்டும் கூலி ஒன்றுதான். பெல்ட்டை மட்டும் மாற்றுவதில் மிச்சமாவது பாகங்களின் விலை மட்டும். தன் வண்டிக்குச் செய்கிறவர் அதை மிச்சம் பிடிக்க மாட்டார். விற்கப்போகிறவருக்குத்தான் பில் மட்டும் போதும். கம்பெனியில் வந்த பம்பின் இறக்கை பிளாஸ்டிக். வயதானால் விரிசல் விட்டுத் தண்டிலேயே வழுக்கும். மாற்றும்போது உலோக இறக்கை உள்ளதைக் கேட்டுப் போடுங்கள். பில்லில் இந்தப் பாகங்கள் தனித்தனி வரியாக, பாக எண்ணோடு இல்லையென்றால் பெல்ட் மாற்றவே இல்லை என்று கணக்கு வைத்து, அந்தச் செலவை விலையில் கழியுங்கள். கி.மீ. ஓடாமல் நின்ற வண்டியானாலும் ஐந்து ஆறு வருடத்தில் ரப்பர் தன் வேலையைக் காட்டும்.

78,000 கி.மீ. என்பதற்கு வருகிறோம். மீட்டர் குறைப்பது லேப்டாப்பில் சில நிமிட வேலை, அதனால் மீட்டரைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அடுத்து, "பெயின்ட் ஒரிஜினல்", அதாவது இடிக்காத வண்டி என்றது. டிரைவர் சீட் பெல்ட்டை முழுதாக வெளியே இழுத்து, கீழே வாசல் ஓரத்தில் தைத்திருக்கும் வெள்ளைத் துணி லேபிளைப் பாருங்கள். தயாரித்த தேதி அதில் இருக்கும். இந்த வண்டியில் இடது பெல்ட் 2004, வலது பெல்ட் 2011. முன்னால் பலமாக இடித்த வண்டிக்குத்தான் ஒரு பெல்ட் மட்டும் ஏழு வருடம் இளமையாக இருக்கும். அதன்பின் பெயின்ட் தடிமன் மீட்டரை வைத்தோம். கம்பெனி பெயின்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் காட்டும். வலது முன் ஃபெண்டரிலும் பக்கத்துக் கதவிலும் 500-ஐத் தாண்டியது, அதாவது அடியில் நெளிவை நிரப்பிய பட்டி. ஆக்டேவியாவின் உடல் துத்தநாகப் பூச்சுள்ள தகடு, தானாகத் துரு பிடிப்பது குறைவு. அதில் எங்காவது பெயின்ட் குமிழ் விட்டிருந்தால் அங்கே டிங்கரிங் நடந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் விட எளிய சோதனை ஒன்றைத் தம்பி தவறவிட்டார். காலை பத்து மணிக்கு வரச் சொன்னார்கள், போனபோது வண்டி ஏற்கனவே ஸ்டார்ட்டில் நின்றது. சூடான இன்ஜின் தன் நோயைச் சொல்லாது. சொல்லாமல் முன்கூட்டியே போங்கள். பானட்டைத் திறந்து வால்வு கவர்மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் "சாயங்காலம் வர்றேன், அதுவரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்புங்கள். இந்த 20 வால்வு இன்ஜினில் வால்வுகளைத் திறக்கும் இரண்டு கேம்ஷாஃப்டையும் இணைக்கும் சின்னச் செயின் ஒன்று உள்ளே இருக்கிறது. அதன் டென்ஷனர் பட்டை தேய்ந்திருந்தால் குளிர்ந்த ஸ்டார்ட்டில் சில விநாடி கடகடவென்று சத்தம் வந்து, எண்ணெய் ஏறியதும் அடங்கும். அந்தச் சில விநாடியை உங்களிடமிருந்து மறைக்கத்தான் முன்பே ஓட விடுகிறார்கள்.

எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடியுங்கள். தேன் நிறம் நல்லது. கறுப்புச் சேறு ஒட்டியிருந்தால் அதே சேறு சம்ப்பில் (இன்ஜின் அடியில் எண்ணெய் நிற்கும் தொட்டி) எண்ணெய் உறிஞ்சும் வலையையும் அடைத்திருக்கும்; முதலில் சாவது டர்போ. விலை பேசுவதற்கு முன் கம்ப்ரஷன் சோதனை (சிலிண்டருக்குள் அழுத்தம் அளப்பது, அளவு 'பார்') கேளுங்கள். நான்கு சிலிண்டரிலும் 7 பாருக்குக் கீழே எதுவும் போகக் கூடாது, ஒன்றுக்கொன்று 3 பாருக்கு மேல் வித்தியாசம் கூடாது. சோதனைக்குச் சம்மதிக்காத கடையோடு மேலே பேச ஒன்றுமில்லை. கூலன்ட் டப்பாவையும் பாருங்கள்: இதற்கு ஊற்ற வேண்டியது ஜி12 வகை, இளஞ்சிவப்பு. பச்சைக் கூலன்ட்டைக் கலந்தால் பழுப்பாகக் கூழ் கட்டும். வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டியில் டப்பாவின் அடியில் துரு வண்டல் நிற்கும்.

சரி, இந்த வகையில் நீண்ட காலம் வைத்துக்கொள்ள எதை வாங்குவது என்று கேட்டால், பட்ஜெட்டில் அருகருகே வருவது ஆக்டேவியா ஆர்எஸ், முதல் தலைமுறை ஹோண்டா சிட்டி 1.5 விடெக் (வேகத்துக்கு ஏற்ப வால்வு திறப்பை மாற்றும் ஹோண்டா முறை), திருவள்ளூர் ஆலையில் தயாரான மிட்சுபிஷி செடியா மூன்றும். நம்பர் பார்த்தால் ஆக்டேவியா 150 குதிரைத்திறன், செடியா 115, சிட்டி 106. பலர் இந்த வரிசையிலேயே தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். வைத்துக்கொள்வதற்கு அந்த வரிசையைத் தலைகீழாகப் பாருங்கள். சிட்டியில் டர்போ இல்லை, ரப்பர் வாக்குவம் பைப்புகளின் காடு இல்லை, எடை ஆயிரம் கிலோ சுமார். வால்வு இடைவெளியை ஸ்குரூவிலேயே சரி செய்யலாம். செடியாவில் இன்ஜினும் சஸ்பென்ஷனும் கல்லு மாதிரி. ஹெட்லைட், பம்பர், கண்ணாடி உடைந்தால்தான் அலைச்சல். ஆக்டேவியாவின் இன்ஜின் பாகங்களுக்குப் பஞ்சமில்லை, அதே 1.8 டர்போ உலகம் முழுக்கப் பல கார்களில் ஓடியது. ஆனால் பிரேக், பம்பர், சீட் என்று ஆர்எஸ்ஸுக்கே உரியவை காணாமல் போயிருந்தால் திரும்பச் சேர்ப்பது கடினம். வருடா வருடம் ஒதுக்கிச் செலவழிக்க முடிந்தவர் மட்டும் ஆக்டேவியாவுக்குப் போகலாம். ஒரே காராக வைத்து ஆபீஸுக்கும் ஓட்டப்போகிறவருக்கு எங்கள் பதில் சிட்டி விடெக்தான்.

அதிலும் ஏமாற்று உண்டு. விடெக் இல்லாத 1.5 சிட்டியும் அதே 1493 சிசி, அதே உடல். பின்னால் விடெக் எழுத்தை ஒட்டி விலையை ஏற்றி விற்கிறார்கள். ஆர்சி புத்தகத்தில் சிசியைப் பார்த்தால் கண்டுபிடிக்க முடியாது, மாடல் பெயரைப் பாருங்கள். பிறகு சிலிண்டர் ஹெட்டை ஒட்டி விடெக் சோலினாய்டும் அதற்கு வரும் ஒயரும் இருக்கிறதா என்று பாருங்கள். ஆக்டேவியாவில் இது எளிது: ஆர்எஸ் என்றால் ஆர்சியில் பெட்ரோல், 1781 சிசி என்று இருக்க வேண்டும். 1896 என்றிருந்தால் அது ஆர்எஸ் சட்டை போட்ட டீசல்.

சிட்டியில் சாதாரணமாகப் போவது பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டர், பின்சக்கர வளைவில் துரு, அப்புறம் பெட்ரோல் பம்புக்கு மின்சாரம் விடும் மெயின் ரிலே. வெயிலில் நிறுத்திய வண்டி ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடித்து, நிழலில் கொஞ்ச நேரம் நின்றபின் ஒன்றும் நடக்காத மாதிரி ஓடினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த ரிலேயின் உள்ளே விட்டுப்போன சால்டரை. பற்றவைத்தால் சரியாகும். இதைத் தெரியாமல் பெட்ரோல் பம்ப், இசியூ (இன்ஜினின் கம்ப்யூட்டர்) என்று மாற்றிச் செலவு வைக்கும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள்.

கோவை, சென்னைப் பக்கம் வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று. சிட்டி விடெக்கும் செடியாவும் ராலியிலும் டிராக்கிலும் நிறைய ஓடியவை. கார்ப்பெட்டைத் தூக்கி, நடுத் தூணின் அடியிலும் பின்சீட் ஓரத்திலும் ரோல் கேஜ் (வண்டி உருண்டால் காக்கும் இரும்புக் கூண்டு) பற்றவைத்து அறுத்த தழும்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

காகிதத்தில் ஏமாறுவது இன்ஜினில் ஏமாறுவதைவிட மோசம், அதற்கு உதிரி பாகம் கிடையாது. பதினைந்து வருடம் தாண்டிய காருக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து அதற்கு மத்திய அரசுக் கட்டணம் 5,000 ரூபாய். இருபது வருடம் தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆனது. பசுமை வரி தனி. ஆர்சி காலாவதியான வண்டியைக் காட்டி "வின்டேஜ்ல பதிவு பண்ணிக்கலாம்" என்று சொல்வது சுத்தப் பொய். 2021-இன் விதிப்படி வின்டேஜ் என்றால் 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும், அதையும் தினசரி ஓட்டக் கூடாது. டில்லி நம்பர் வண்டி மலிவாக வந்தால் காரணம் கேளுங்கள்: அங்கே 15 வருடம் கடந்த பெட்ரோல் கார்களுக்குக் கட்டுப்பாடு உண்டு என்பதால் தெற்கே தள்ளுகிறார்கள். தடையில்லாச் சான்று கையில் இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். சேஸிஸ், இன்ஜின் எண் இரண்டையும் நீங்களே பென்சில் பிரிண்ட் எடுத்து ஆர்சியோடு ஒப்பிடுங்கள். மாற்றிய இன்ஜின் ஆர்சியில் ஏறியிருக்க வேண்டும்.

தம்பிக்கு இப்போது பெரிய சிக்கல் என்னவென்றால், அந்தக் கடையின் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. உரிமை மாற்றும் படிவம் 29, 30 இரண்டிலும் பழைய ஓனர் நேரடியாகத் தம்பிக்கு விற்றதாகக் கையெழுத்து. பணத்தில் பாதி ரொக்கம். விற்றது தனிநபர் என்று ஆகிவிட்டால் நுகர்வோர் ஆணையத்தில் கடை கழன்றுகொள்ளப் பார்க்கும். பழைய வண்டி விற்கும் கடைகளுக்கு ஆர்டிஓ அங்கீகாரச் சான்று வேண்டும் என்ற மத்திய விதி 2023 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. அதைக் கேளுங்கள். முழுப் பணத்தையும் கடையின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் "பெல்ட், பம்ப் எல்லாம் மாத்தியாச்சா?" என்று எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். இந்தத் தம்பி தப்பிக்க ஒரு வழி இருப்பதே, பாதிப் பணம் கடையின் கணக்குக்குப் போனதாலும், கடைக்காரர் ஒரு வாய்ஸ் மெசேஜில் "கிட் முழுசா போட்டாச்சு தம்பி" என்று சொல்லியிருப்பதாலும்தான். புகார் கொடுக்க இரண்டு வருட அவகாசம் உண்டு, மாவட்ட ஆணையத்திலேயே கொடுக்கலாம், இணையத்திலும் தாக்கல் செய்யலாம்.

இப்படி இன்ஜின் உடைந்தவர்கள் பழைய பாகங்களை இரும்புக் கடைக்குக் கொடுத்துவிடாதீர்கள். கழற்றும்போதே ஓடோமீட்டர், பெல்ட், பம்ப் மூன்றும் ஒரே படத்தில் தெரியும்படி எடுங்கள். அந்த ஆக்டேவியாவின் வாட்டர் பம்பும், டென்ஷனரும், வளைந்த வால்வுகளும் தேதி எழுதிய பிளாஸ்டிக் கவரில் ஷெட் அலமாரியில் இருக்கின்றன. ஆணையம் கேட்கும்வரை அங்கேயே இருக்கும்.