நல்ல மீட்டர், படிக்கத்தான் ஆளில்லை

இங்கே மொரீஷியஸில், காத்ர் போர்ன் ஊரில் இருக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் மனைவிக்குச் சர்க்கரை என்று சொல்லிவிட்டார்களாம். மருந்துக்கடையில் குளுக்கோமீட்டர் விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்கிறார். ஆண்டுக்கணக்கில் விரலைக் குத்திப் பார்த்துவருகிறவன் என்பதால் என்னிடம் வந்திருக்கிறார். போன வாரம்தான் சுகாதார நிலையத்துக்குப் போய்வந்தேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை, அதனால் பதில் நீளமாகத்தான் வரும்.

ஒரு துளி இரத்தம், சில வினாடி, ஓர் எண். இது எல்லா மீட்டருக்கும் பொது. வாங்கும்போது மீட்டரின் விலையைவிட ஸ்ட்ரிப்பின் விலையைக் கேளுங்கள். மாதாமாதம் பணத்தைக் கரைப்பது அதுதான். ஸ்ட்ரிப் டப்பாவை உடனுக்குடன் இறுக மூடுங்கள். மழைக்கால ஈரம் பட்டால் எண்கள் நம்பத்தகாதவை ஆகிவிடும். மாம்பழம் நறுக்கிய கையோடு குத்தினால் உடம்பில் இல்லாத சர்க்கரையைக் காட்டும். விரல் நுனியை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் குத்துங்கள், வலி குறையும்.

இனி, இந்தக் கருவி எனக்குத் தந்த மகிழ்ச்சி. சாப்பாட்டுக்கு முன் ஒரு முறை, சாப்பிடத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை பார்த்து, இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைப்பேன். தட்டில் இருந்த உணவு உடம்புக்குள் என்ன செய்தது என்று அந்த இரண்டு எண்கள் சொல்லிவிடும். பருப்பு வைத்துச் சுடும் தால் பூரி ஒரு ஜோடி, 6.4இலிருந்து 12.9க்குக் கொண்டுபோனது (இங்கே எண்கள் எல்லாம் லிட்டருக்கு மில்லிமோல் கணக்கு). ரேஷன் அரிசிச் சோறு தட்டு நிறைய என்றால் 13ஐத் தாண்டியது. அதே சோறு பாதி, கூடவே கீரைச் சாறும், தக்காளிக் குழம்பில் போட்ட மீன் ரூகாயும் என்றால் 8.8. சாப்பிட்ட பிறகு தெருவில் இருபது நிமிடம் நடந்துவிட்டு வந்தால் அதற்கும் கீழே. கோயிலில் வாழையிலை போட்டு ஏழு கறி பரிமாறும்போது, பூசணிக்காயை எவ்வளவு எடுக்கலாம், சோற்றை எந்த இடத்தில் போதும் என்று சொல்ல வேண்டும் என்பது எனக்கு இப்போது தெரியும். இலையை விட்டு எழுந்துபோக வேண்டியதில்லை, பரிமாறுகிறவர் மனம் நோகவும் வேண்டியதில்லை. வியாதி வந்த நாளிலிருந்து என்னைப் பயமுறுத்தாமல் கற்றுக்கொடுத்தது இந்தச் சிறிய கருவி ஒன்றுதான்.

இந்த நோட்டைத்தான் சுகாதார நிலையத்தில் யாரும் திறந்து பார்ப்பதில்லை.

அங்கே வழக்கம் இதுதான். காலையில் வெறும் வயிற்றோடு போய் வரிசையில் உட்கார வேண்டும். நர்ஸ் விரலைக் குத்தி அட்டையில் ஓர் எண் எழுதுவார். டாக்டர் அந்த ஓர் எண்ணைப் பார்ப்பார். ஒரு முறை எனக்கு 8.3 வந்தது. “இரவில் என்ன சாப்பிட்டீர்கள்?” என்று நர்ஸ் கேட்டார். எட்டு மணிக்குப் பிறகு எதுவும் இல்லை என்றேன். “எல்லாரும் இப்படித்தான் சொல்கிறார்கள்” என்று, வரிசையில் இருந்தவர்கள் காதில் விழும்படியே சொன்னார். நோட்டைத் திறந்து நீட்டினேன். படுக்கும்போது 6.8, எழுந்தவுடன் 8.1, அடுத்த நாளும் அப்படி, அதற்கடுத்த நாளும் அப்படி. விடியற்காலையில் கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்கள் ஏறும்போது கல்லீரல் தானாகவே இரத்தத்தில் சர்க்கரையை விடுகிறது. சர்க்கரை நோயாளிகள் பலருக்கு நடப்பதுதான் இது, நர்ஸ்களுக்குப் புதிய செய்தி அல்ல. அவர் நோட்டைத் தொடக்கூட இல்லை. வாழ்நாள் முழுவதும் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவன் நான். ஒரு மாணவனை விசாரிக்காமல் அப்படிப் பொய்யனாக்கியிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்காது.

டாக்டர் கேட்டது வேறு கேள்வி: “இன்சுலின் போடாதவர் எதற்கு விரலைக் குத்திக்கொள்கிறீர்கள்?” இதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 2007இல் பிரிட்டனில் வெளிவந்த ஆய்வு ஒன்றில், இன்சுலின் போடாத இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகள் ஓராண்டு வீட்டில் சோதித்துப் பார்த்தும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சொல்லும்படியாகக் குறையவில்லை. மீட்டர் துல்லியமானதல்ல என்பதும் சரி. 2013ஆம் ஆண்டின் ஐஎஸ்ஓ தரப்படியே, ஆய்வகத்தில் 8.0 என்றால் மீட்டர் 6.8 காட்டலாம், 9.2ம் காட்டலாம். ஆனால் 6.4க்கும் 12.9க்கும் உள்ள இடைவெளி அந்தக் கணக்குக்குள் அடங்காது. 2011இல் அமெரிக்காவில் வெளிவந்த இன்னோர் ஆய்வும் இருக்கிறது. அதில் நோயாளிகள் டாக்டரைப் பார்க்கும் முன் மூன்று நாள், நாளுக்கு ஏழு முறை சோதித்து ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தார்கள். அந்தத் தாளைப் படித்து மருந்தை மாற்ற டாக்டர்களுக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். அவர்களுக்கு எச்பிஏ1சி சராசரியாக 1.2 சதவீதப் புள்ளி குறைந்தது, மற்றவர்களுக்கு 0.9. மீட்டர் தயாரிக்கும் நிறுவனம் பணம் கொடுத்த ஆய்வு அது, வித்தியாசமும் பெரியதல்ல. இருந்தாலும் நான் சொல்ல வருவது அதில் இருக்கிறது: எழுதிக்கொண்டு வருவதை எதிரில் இருப்பவர் படிக்க வேண்டும்.

படிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை என் உடம்பில் பார்த்தேன். அந்தக் காலை நேரத்து ஓர் எண்ணை வைத்துக் கிளிக்ளசைடு மாத்திரையைக் கூட்டினார்கள். மெட்ஃபார்மின் என்ற இன்னொரு சர்க்கரை மாத்திரை தனியாகச் சர்க்கரையை அபாயமான அளவுக்கு இறக்குவது அரிது. கிளிக்ளசைடு அப்படி அல்ல, நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று பார்க்காமல் கணையத்திலிருந்து இன்சுலினை வரவழைக்கும். தைப்பூசக் காவடிக்கு விரதம் இருந்த நாள்களில் ஒரு முற்பகல் கை நடுங்கி, வியர்த்துக் கொட்டியது. மீட்டரில் 3.4. நான்குக்குக் கீழே என்றாலே உடனே கவனிக்க வேண்டிய நிலை. மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டுப் பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்தேன், ஏறியிருந்தது. மீட்டர் இல்லாமல் இருந்திருந்தால் விரதக் களைப்பு என்று எண்ணிப் படுத்திருப்பேன்.

அடுத்த முறை ஒரு மாற்று டாக்டர், இளைஞர், நோட்டை வாங்கிப் பார்த்தார். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. காலை எண்களில் விரலை வைத்தார், முற்பகல் எண்களில் வைத்தார், மாத்திரையை 60 மில்லிகிராமிலிருந்து 30க்கு இறக்கினார். “விரதத்துக்கு முன்னாடி வந்து சொல்லுங்கள் ஐயா” என்றார். அத்தனை ஆண்டுகளில் அப்படிச் சொன்னவர் அவர் ஒருவர்தான். பிறகு அவரை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். போன வாரம் இருந்தவர் அட்டையைப் பார்த்தார், 8.2 என்றார், மறுபடி 60 என்று எழுதினார். 3.4 என்றேன். “அந்தக் கடை மீட்டரை நம்பாதீர்கள்” என்றார். அவர் பார்த்த 8.2ஐ எடுத்ததும் அதே மாதிரி ஒரு மீட்டர்தான்.

அவர்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை உள்ள தீவு இது. ஒரு காலையில் அந்த அறைக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை வரிசையில் உட்கார்ந்து நானே பார்க்கிறேன். அரசாங்க மருத்துவம் இலவசம், மாத்திரைக்கு நான் ஒரு ரூபாய் கொடுப்பதில்லை. என் கால்களைக் குனிந்து சோதித்து, விரலிடுக்கில் இருந்த சிறு வெடிப்பைக் கண்டுபிடித்தவரும் அங்கே இருக்கும் ஒரு நர்ஸ்தான். அவரை மறக்கமாட்டேன். ஆனால் அவசரத்துக்கும் அவமதிப்புக்கும் வேறுபாடு உண்டு. நேரம் இல்லை என்று சொன்னால் ஏற்றுக்கொள்வேன். நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்பதை ஏற்கமாட்டேன்.

நண்பருக்கு என் பதில் இது. மீட்டரில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை, என் சாப்பாட்டையும் உயிரையும் காப்பாற்றியது அது. ஆனால் இன்று கேட்டால், வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். உங்கள் மனைவிக்கு இப்போது மெட்ஃபார்மின் மட்டும்தான் கொடுத்திருக்கிறார்கள். முதலில் அவர் பார்க்கும் டாக்டரிடம், வீட்டில் எடுக்கும் எண்களைக் கொண்டுவந்தால் படிப்பீர்களா என்று நேரடியாகக் கேளுங்கள். படிப்பேன் என்று சொல்கிறவர் கிடைத்த பிறகு வாங்குங்கள். அதற்கு முன் வாங்கினால், தன் உடம்பைப் பற்றி நன்றாகத் தெரிந்துகொண்டு, தெரிந்ததைச் சொல்லி ஏச்சு வாங்கிவருவார். புதிதாக வியாதி வந்தவருக்கு அது வேண்டாம். கிளிக்ளசைடு எழுதிக் கொடுத்தால் மட்டும் யாரையும் கேட்காமல் அன்றைக்கே வாங்கிவிடுங்கள்.