இரவு பதினொன்றா, காலை நாலரையா: வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க எது தோது?

வேலைக்குப் போய்க்கொண்டே குரூப் 2 தேர்வுக்குப் படிக்கும் எல்லோரும் இந்தக் கேள்வியில் வந்து நிற்பார்கள். வீடு அடங்கிய பிறகு படிப்பதா, வீடு எழுவதற்கு முன்பே படிப்பதா? எட்டு மாதம் இரவில் படித்துப் பார்த்தேன். இப்போது ஒன்றரை வருடமாகக் காலை 4.30-க்கு எழுகிறேன். என் ஓட்டு காலைக்குத்தான்.

அமைதி இரண்டு நேரத்திலும் கிடைக்கிறது. இரவில் மூளை நன்றாக ஓடுகிறவர்களும் உண்டு. அது உடல்வாகு, ஓரளவு பரம்பரையும்கூட. அதனால் அந்த வாதத்தை விட்டுவிடுகிறேன்.

இரவு எனக்குக் கைகொடுக்காததற்குக் காரணம் வேறு. அன்றைய நாள் எடுத்துக்கொண்டது போக மிஞ்சியதுதான் இரவு. அலுவலகத்தில் மாதக்கடைசி, பிள்ளைக்குக் காய்ச்சல், ஊரிலிருந்து விருந்தாளி என்று எது வந்தாலும் முதலில் பறிபோவது அந்த ஒன்றரை மணி நேரம்தான். படித்த அன்று நோட்டில் தேதி எழுதுவது என் வழக்கம். இரவில் படித்த கடைசி மாதத்தில் 13 தேதிகள்தான் இருந்தன. காலைக்கு மாறி, பழகிய பிறகு எந்த மாதமும் 22-க்குக் குறையவில்லை. விடியுமுன் யாரும் எதையும் கேட்டு வருவதில்லை.

ஆனால் நாலரைக்கு எழுவதற்கான விலையை முந்தின இரவே கொடுத்தாக வேண்டும். இதைத்தான் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். முதல் இரண்டு வாரம் வழக்கம்போல 11 மணிக்குப் படுத்து, அலாரத்தை மட்டும் 4.30-க்கு வைத்தேன். பதினைந்தாம் நாள் பஸ்ஸில் தூங்கிப்போய், இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன். தூக்கத்தை வெட்டிப் படிப்பதற்கு இரவிலேயே படித்திருக்கலாம். வளர்ந்தவர்களுக்கு 7 மணி நேரமாவது தூக்கம் வேண்டும். அப்படியானால் 9.30-க்கு விளக்கை அணைக்க வேண்டும். அதற்கு 7.30-க்கே சாப்பாடு முடிய வேண்டும். செல்போன் கூடத்திலேயே சார்ஜில் கிடக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் 5.30-க்கு மேல் படுக்கையில் இருந்தால் திங்கட்கிழமை எழ முடிவதில்லை.

இதில் எனக்கு இழப்பும் உண்டு. பிள்ளைகள் தூங்கியபின் கணவரும் நானும் உட்கார்ந்து பேசும் நேரம் போயிற்று. சனிக்கிழமை காய்கறி வாங்க நடந்து போகும்போது பேசிக்கொள்கிறோம். அது முழு ஈடு ஆகவில்லை.

ஒன்பதரைக்குத் தூக்கம் வராதே என்பார்கள். எனக்கும் வரவில்லை. உதவியது காலை வெளிச்சம். படிப்பை முடித்து, பொழுது விடிந்ததும் கால்மணி நேரம் மொட்டைமாடியில் நடக்கிறேன். கண்ணில் படும் காலை ஒளிதான் உடல் கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளி, இரவில் நேரத்தோடு தூக்கம் வரவைக்கிறது. அந்தக் கடிகாரம் உயிரணுக்களுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டறிந்ததற்குத்தான் 2017-இல் ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது. எனக்குச் சுமார் மூன்று வாரத்தில் மாற்றம் தெரிந்தது.

4.30 என்ற எண்ணிலேயே தொங்க வேண்டியதில்லை. பிரம்ம முகூர்த்தம் என்பதே சூரிய உதயத்துக்கு 4 நாழிகை, அதாவது 96 நிமிடம் முன்பு தொடங்குவது. எங்கள் திருச்சியில் அது ஜூனில் 4.20 அளவில் வரும். ஜனவரி நடுவில் 5 மணியாகிவிடும். ஐந்துக்குத்தான் முடியும் என்றால் ஐந்துக்கே எழுங்கள், தினமும் அதே ஐந்து.

இரவு ஷிப்ட் பார்ப்பவர்களுக்கும், கைக்குழந்தை இருப்பவர்களுக்கும் இந்தக் கணக்கை நான் சொல்ல மாட்டேன். என் பிள்ளைகள் வளர்ந்த பிறகுதான் இதைத் தொடங்கினேன். மருத்துவமனையில் ஷிப்ட் வேலை பார்க்கும் என் தங்கைக்கு மதியம்தான் ஒத்துவருகிறது.

எழுந்து முகம் கழுவி, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்து மேசைக்கு வந்ததும் எதைப் படிப்பது என்று தேடக் கூடாது. தேடினால் பத்து நிமிடம் போய்விடும், தூக்கமும் திரும்ப வந்து கண்ணை அழுத்தும். அதனால் மறுநாள் பக்கத்தைத் திறந்து அதன்மேல் பேனாவை வைத்துவிட்டுத்தான் படுக்கிறேன். நாளைக்கு அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள், உறுப்பு 12 முதல் 35 வரை. வைத்தாயிற்று, மணி 9.20.