கூட்டமாகப் போனால் மலாயன் கஃபே

ரொறன்ரோவிலிருந்து ஊருக்குப் போன நாங்கள், மாமிமார், மச்சான்மார், பிள்ளைகள் என்று 18 பேர். யாழ்ப்பாணத்தில் பெரிய கடை என்ற கடைத்தெருப் பகுதியில் உள்ள மலாயன் கஃபேயில் மத்தியானம் சாப்பிட்டோம். சுத்த சைவம். எல்லோரும் ஒன்றாக இருக்க இடமில்லை, பக்கத்துப் பக்கத்து மேசைகளில் பிரிந்து இருந்தோம். சரி, அதனால் ஒரு குறையும் வரவில்லை. வாழையிலையில் சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, வல்லாரைச் சம்பல். பெரியம்மாவின் இலையில் சொதி வற்றும் முன்பே பரிமாறிய அண்ணா வாளியோடு வந்து நின்றார். எத்தனை பேர் என்றாலும் அந்தக் கவனம் குறையவில்லை. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். சாப்பிட்ட இலையை நாமே மடித்துக் கை கழுவுமிடத்துத் துவாரத்தில் போட வேண்டும். பிள்ளைகளுக்கு அதில் அப்படியொரு சந்தோஷம்! பெரிய குடும்பமென்றால் பன்னிரண்டு மணிக்கு முன்பே போய்விடுங்கள்.