மலிவு விலை சீனா டூர் புக் பண்ணப் போறீங்களா, காசு கட்றதுக்கு முன்னாடி இத படிச்சிடுங்க

சியாமென், சுவான்சோ நகரங்க, துலோவ்ங்கிற பழைய மண் கட்டட வீடுங்க, குலாங்யு தீவு எல்லாம் சேத்து "சீனக் கலாச்சாரச் சுற்றுலா"ன்னு பேர் போட்டு, ஃபிளைட், ஹோட்டல், சாப்பாடு, கைடு எல்லாம் உட்பட 2000 மலேசிய வெள்ளிக்கும் (ரிங்கிட்) கீழதான்னு விளம்பரம் இப்ப நம்ம ஆளுங்க வாட்ஸ்அப் குரூப்புல எல்லாம் சுத்திக்கிட்டு இருக்கு. நாங்க குடும்பத்தோட போயிட்டு வந்தது அதே ரகம்தான். கம்பெனி பேர் போடல, இத விக்கிறது ஒரு கம்பெனி மட்டும் இல்ல, அதனால பேர் தெரிஞ்சு பெருசா ஒண்ணும் ஆகப்போறதில்ல, எப்படி பண்றாங்கன்னு தெரிஞ்சாதான் உங்களுக்கு உதவும்.

மலேசியா பாஸ்போர்ட்டுக்கு 2023 டிசம்பர்லேர்ந்து சீனாவுக்கு விசா தேவையில்லன்னு ஆனதுலேர்ந்து இந்த டூருங்க புத்தீசல் மாதிரி கிளம்பிடுச்சு. நான் இத எடுத்ததுக்கு காரணம் விலை மட்டும் இல்ல, சுவான்சோ. பழைய காலத்துல ஜைத்தூன்னு அரபுக்காரங்க சொன்ன துறைமுகம் இதான், மார்கோ போலோ எழுதினது இதப் பத்திதான். நம்ம தமிழ் வணிகர்கள் அங்க போயி சிவன் கோயிலே கட்டியிருக்காங்க, 1281ல சித்திரை மாசம் சம்பந்தப் பெருமாள்னு ஒருத்தர் மங்கோலிய மன்னர் கான் பேர்ல சிவன எழுந்தருளப் பண்ணினாருன்னு தமிழ்லயே கல்வெட்டு கிடைச்சிருக்கு, அடியில சீன எழுத்தும் இருக்கு. கோயில் இப்ப இல்ல, இடிஞ்சு போச்சு, ஆனா அதோட கல்லுங்க ஊர் பூரா அங்கங்க கிடைச்சு நெறைய அங்க இருக்கிற கடல்வழி வரலாறு மியூசியத்துல வச்சிருக்காங்க, ரெண்டு தூண் காய்யுவான் புத்தர் கோயில்ல நிக்குது. 2021ல யுனெஸ்கோ பட்டியல்ல சுவான்சோவ சேத்தப்போ படிச்சதுலேர்ந்து எனக்கு அது ஒரு ஆசை, அம்மாவுக்கு என்னைவிட ஆசை. விளம்பரத்துல காய்யுவான் கோயில், மியூசியம் ரெண்டும் இருந்துச்சு, கைடு விளக்குவாருன்னும் போட்டிருந்தாங்க, சரின்னு கட்டியாச்சு.

மொத நாளே பஸ்ல ஏறினவுடனே டிப்ஸ். டிப்ஸ்னா நாமளா சந்தோஷமா குடுக்கிறதுதான், இங்க தலைக்கு இவ்ளோன்னு கவர்ல போட்டு வாங்கிட்டாங்க, குழந்தைக்கும் சேத்து. அடுத்து ஒரு பேப்பர் வந்துச்சு, "விருப்பச் சுற்றுலா". குலாங்யு தீவுக்குப் போற ஃபெரி அதுல இருக்கு! குலாங்யுன்னு விளம்பரத்துல படமே பெருசா போட்டவங்க, கேட்டா "தீவ இந்தக் கரையிலேர்ந்து பாக்கிறதுதான் பேக்கேஜ்ல உள்ளது, ஏறிப்போறது தனி"ங்கிறாங்க. டூரிஸ்ட்டுங்க போற சாதா ஃபெரி போக வர சேத்து 35 யுவான், நம்ம பாஸ்போர்ட் நம்பர குடுத்து நாமளே வாங்கலாம், பேப்பர்ல போட்டிருந்தது அதுக்கு பல மடங்கு. வரமாட்டேன்னு சொன்னவங்கள பஸ் ஒரு மால் வாசல்ல இறக்கிவிட்டுட்டுப் போயிடும், அதனால எல்லாரும் கட்டினாங்க. சுவான்சோவுல இருக்கிற சுன்பு கிராமத்துல டூரிஸ்ட்டுங்க தலையில பூ வச்சிக்கிறதும் இதே கதைதான், கடை வாசல்ல எழுதிப்போட்ட விலை ஒண்ணு, கைடு வாங்கினது ஒண்ணு.

இதெல்லாம் சில்லறை. கடைங்களுக்கு வரேன்.

எந்தக் கடையையும் கடைன்னு சொல்லமாட்டாங்க. டீக்கடைக்கு "தேநீர்க் கலாச்சார மையம்", நகைக்கடைக்கு "வெள்ளிக் கலாச்சார மியூசியம்". பஸ் உள்ள நுழையும்போதே ஒவ்வொருத்தர் சட்டையிலயும் நம்பர் போட்ட ஸ்டிக்கர் ஒட்டுறாங்க, எந்த குரூப்பு எவ்ளோ வாங்குச்சுன்னு கணக்கு வைக்க. வெளிய வர வழி ஒண்ணுதான், அந்த வழியில எல்லா கவுண்டரையும் தாண்டித்தான் வரணும், குறைஞ்சது ஒன்றரை மணி நேரம் ஆகாம பஸ் கதவு திறக்காது, டிரைவர் வேற எங்கயோ போயிருப்பாரு. டீக்கடையில மொதல்ல ஒரு பொண்ணு அழகா தியேகுவான்யின் ஊத்திக் குடுத்துச்சு, பொய் சொல்லக்கூடாது, டீ நல்லாத்தான் இருந்துச்சு, அது சுவான்சோ பக்கத்துலயே ஆன்ஷியில விளையிறதுதான். அப்புறம்தான் ஒரு பட்டுத்துணி போட்ட பெட்டி வருது, வூயி மலையில இருக்கிற, தாஹொங்பாவ்ங்கிற டீயோட தாய்மரத்து இலைன்னு. எங்க குரூப்புல கிள்ளான்லேர்ந்து வந்த ஒரு சீன அங்கிள் இருந்தாரு, ஹொக்கியன் மொழி பேசுற ஆளு, அவரோட தாத்தா இந்தப் பக்கத்துலேர்ந்துதான் மலாயாவுக்கு வந்தவராம், அவரு சிரிச்சிட்டாரு. அந்த தாய்மரம் மொத்தமே ஆறுதான், 2006லேர்ந்து யாரும் அதுல இலை பறிக்கவே கூடாதுன்னு நிறுத்திட்டாங்க, இவனுக்கு மட்டும் பெட்டி பெட்டியா எங்கேர்ந்து வருதுன்னு என் காதுல சொன்னாரு. அந்தப் பொண்ணுகிட்டயும் ஹொக்கியன்ல என்னமோ கேட்டாரு, அது உடனே பெட்டிய உள்ள எடுத்துட்டுப் போயிடுச்சு.

வெள்ளிக்கடைதான் எங்கள அடிச்சது. அன்னைக்கு திங்கட்கிழமை. சீனாவுல மியூசியம்னா பொதுவா திங்கட்கிழமை லீவு, இது கைடுக்கும் தெரியும், புரோகிராம் போட்டவனுக்கும் தெரியும், அப்படியும் கடல்வழி மியூசியத்த திங்கட்கிழமையில போட்டிருக்காங்க, காலையில பஸ்ல மைக்கப் புடிச்சு "ஐயோ இன்னிக்கு மூடியிருக்கு, கவலைப்படாதீங்க, பதிலுக்கு இன்னொரு மியூசியம் கூட்டிட்டுப் போறேன்"னு அந்தாளு சொன்னப்ப பாதி பேரு கை தட்டினாங்க. நான் இருந்த இடத்துலேர்ந்து அந்தக் கல்லுங்க கொஞ்ச தூரத்துல இருக்கு, நான் ஒரு ரூம்ல உக்காந்து வெள்ளி கிண்ணத்துல தண்ணி ஊத்துனா விஷம் முறியும்னு பாடம் கேட்டுக்கிட்டு இருக்கேன்.

அந்த ரூம் டிராமாவ கொஞ்சம் விவரமா சொல்றேன், ஏன்னா வேற ஊர்ல ஜேட் கடைக்கும் இதே டிராமாதான்னு போயிட்டு வந்தவங்க சொல்றாங்க. விக்கிற பொண்ணு பேசிக்கிட்டு இருக்கும்போதே கதவ திறந்துக்கிட்டு ஒரு இளவட்டம் கோட்டு சூட்டுல வருவான், பொண்ணு பயந்த மாதிரி எழுந்து நிக்கும். அவன்தான் முதலாளி பையனாம். "நீங்க மலேசியாவா? எங்க அம்மா பினாங்குதான்!"ன்னு மலாய்ல ரெண்டு வார்த்தை, எல்லாருக்கும் ஒரு குஷி. இன்னைக்கு எனக்கு பொறந்தநாள், வியாபாரம் வேணாம், சொந்தக்காரங்கள பாத்த மாதிரி இருக்கு, ஒருத்தருக்கு ஒண்ணு மட்டும் அசல் விலைக்கு குடுக்கிறேன், வெளிய சொல்லாதீங்க. கதவு சாத்தியாச்சு. பெரியம்மா அப்படியே உருகிட்டாங்க, "பாவம்டா தம்பி, சின்னப் பையன், அம்மா ஊர நெனச்சு கண்ணு கலங்குறான்"னு சொல்லிக்கிட்டே ஒரு சீப்பும் ஒரு ஜோடி கிண்ணமும் எடுத்துட்டாங்க, கார்டு தேய்ச்ச ஸ்லிப்ப ரூமுக்கு வந்து ரிங்கிட்டுல கணக்குப் போட்டப்பதான் தெரிஞ்சது நாலாயிரத்துக்கு மேல, டூர் காச விட ரெண்டு மடங்கு. நான் பக்கத்துல இருந்து தடுத்தேன், "பெரியம்மா வேணாம், எடை போடச் சொல்லுங்க"ன்னேன், எடை போடமாட்டானாம், கைவேலைக்குத்தான் விலையாம்.

காய்யுவான் கோயிலுக்கு அதுக்கப்புறம்தான் போனோம், இருட்டப்போற நேரம், இருபத்தஞ்சு நிமிஷம்னு சொல்லிட்டு கைடு வாசல்லயே நின்னுட்டான். கேட்டா ரெட்டைக் கல் கோபுரத்தக் காட்டி போட்டோ எடுத்துக்கோங்கன்னான், அவ்ளோதான் விளக்கம். கோபுரம் சும்மா சொல்லக்கூடாது, 13ஆம் நூற்றாண்டு கல் வேலை, அதுவே ஒரு மணி நேரம் நின்னு பாக்க வேண்டியது. நான் அம்மா கையப் புடிச்சிக்கிட்டு ஓடினேன். பெரிய மண்டபத்து முன்மேடை அடியில வரிசையா மனுச மூஞ்சி சிங்கம், 70க்கு மேல இருக்கும், அதுவும் அந்த சிவன் கோயிலோடதுதான்னு சொல்றாங்க. பின்பக்கம் போனா பதினாறு பட்டை போட்ட ரெண்டு தூண், அதுல வட்டம் வட்டமா சிற்பம், நரசிம்மர் ஒண்ணுல இரணியன மடியில போட்டுக் கிழிக்கிறாரு, ஒண்ணுல கிருஷ்ணன் மருத மரத்த சாய்க்கிறான். அம்மா தூண தொட்டுக் கும்பிட கை நீட்டினாங்க, கம்பி இருந்துச்சு, தள்ளி நின்னே கும்பிட்டாங்க. அதுக்குள்ள டூர் லீடர் போன் மேல போன், பஸ் கிளம்புது, உங்களால மத்தவங்க லேட்டுன்னு. கடையில ஒன்றரை மணி நேரம் கதவ சாத்தி வச்சப்ப யாரும் லேட் ஆகல போல.

ஏன் இப்படி பண்றாங்கன்னா, 2000 வெள்ளிக்குக் கீழ ஃபிளைட், ஹோட்டல், பஸ் எல்லாம் குடுக்கவே முடியாது. அங்க உள்ள லோக்கல் ஏஜென்ட் நஷ்டத்துக்கு குரூப்ப எடுக்கிறான், சில சமயம் தலைக்கு இவ்ளோன்னு காசு குடுத்தே வாங்குறானாம், கைடுக்கு சம்பளம்னு பெருசா இருக்காது, கடை கமிஷன்லதான் அந்த நஷ்டத்த எடுத்து அதுக்கு மேல லாபம் பாக்கணும். அதனாலதான் நாம ஒண்ணும் வாங்காம பஸ் ஏறினா மூஞ்சிய காட்டுறான், மதிய சாப்பாட்டுல ஒரு தட்டு குறையுது. அவன் மேல மட்டும் கோவப்பட்டு பிரயோஜனம் இல்ல, இங்க உக்காந்து விளம்பரம் போட்டு காசு வாங்கினவனுக்கு எல்லாம் தெரியும்.

இனிமே சொல்றதுதான் முக்கியம், கவனமா படிங்க. சீனாவுல இதுக்கு சட்டமே இருக்கு. 2013 அக்டோபர் 1லேர்ந்து அமல்ல இருக்கிற சுற்றுலாச் சட்டம், 35வது பிரிவு. அநியாயத்துக்கு விலையக் குறைச்சு ஆள சேத்துட்டு கடை கமிஷன்லயும் தனிக்கட்டணத்துலயும் சம்பாதிக்கக் கூடாது, குறிப்பிட்ட கடைக்கு கூட்டிட்டுப் போகக்கூடாது, நாமளா ஒத்துக்கிட்டாலோ கேட்டாலோ ஒழிய. மீறினா டூர் முடிஞ்சு 30 நாளைக்குள்ள பொருள திருப்பி எடுத்து காசு வாங்கித் தரச்சொல்லி ஏஜென்சியக் கேக்கலாம், தனியா கட்டின காசையும் கேக்கலாம். இதனாலதான் சில கம்பெனி முன்கூட்டியே "ஷாப்பிங் போக சம்மதம்"னு ஒரு தாள்ல கையெழுத்து வாங்குது, அந்தத் தாள் வந்தா கையெழுத்துப் போடாதீங்க. கடையில பில்லு கேட்டா ஏதோ ஒரு துண்டு குடுப்பான், அது வேணாம், ஃபாபியாவ் வேணும்னு கேளுங்க, அதான் அங்க வரிக்கணக்குல வர பில்லு. குடுக்கமாட்டேன்னா அங்கயே 12345க்கு போன் போடப்போறேன்னு சொல்லுங்க, அது ஊர் அரசாங்கத்து புகார் நம்பர், அந்த நம்பர சொன்னாலே மூஞ்சி மாறுது.

பெரியம்மா கிண்ணத்துக்கு நான் ஃபாபியாவ் வாங்கி வச்சிருந்தேன், ஸ்டிக்கரக் கூட கிழிக்காம போட்டோ எடுத்து வச்சேன், விளம்பரத்து ஸ்கிரீன்ஷாட்டும் இருந்துச்சு. ஊருக்கு வந்து ஏஜென்சிக்கு எழுதினா "கடை எங்களோடது இல்ல, அந்த அம்மா விருப்பப்பட்டுத்தான வாங்கினாங்க"ன்னு பதில். திரும்ப எழுதினா பதிலே இல்ல. அப்புறம் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துல, அதான் மலாய்ல டிரிபியூனல் துந்துத்தான் பெங்குனான்னு சொல்றது, ஃபாரம் போட்டேன், 5 வெள்ளிதான் கட்டணம், 50,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், வக்கீல் வேண்டியதில்ல. நோட்டீஸ் போன உடனே ஏஜென்சியிலேர்ந்து போன், "அண்ணே பேசித் தீத்துக்கலாம்". கிண்ணத்துக்கும் சீப்புக்கும் குடுத்த காசுல பெரும்பகுதி வந்துடுச்சு, பொருள அவங்க செலவுல எடுத்துக்கிட்டாங்க, மியூசியம் காட்டாததுக்கு ஒரு சின்ன தொகை குடுத்தாங்க. டிப்ஸ், ஃபெரி காசு எல்லாம் போனது போனதுதான்.

போகணும்னு ஆசை உள்ளவங்க கேக்க வேண்டியது இதுதான்: மோட்டாக் (மலேசிய சுற்றுலா அமைச்சு) லைசென்ஸ்ல வெளிநாட்டு டூர் நடத்த அனுமதி இருக்கா, கடை எத்தனை, ஒவ்வொண்ணுலயும் எவ்ளோ நேரம், எந்த இடத்துக்கு உள்ள போறோம் எது வெளியிலேர்ந்து பாக்கிறது, எது எந்தக் கிழமை. எல்லாத்தையும் எழுத்துல வாங்குங்க, வாய்ல சொன்னா செல்லாது. "நோ ஷாப்பிங்"னு போட்ட டூர் விலை கூடத்தான் இருக்கும், கூட்டிக் கழிச்சுப் பாத்தா எங்க மொத்த செலவ விட கம்மிதான்.

டூரே வேணாம்னா சியாமென்ல தங்கிக்கிட்டு சுவான்சோவுக்கு தனியா போயிட்டு வரலாம், அதிவேக ரயில்ல அரை மணி நேரம் சொச்சம், டிக்கெட்டுக்கு பாஸ்போர்ட் வேணும், காசுக்கு அலிபேயில நம்ம கார்ட சேத்துக்கலாம். சைவம் சாப்பிடுறவங்களுக்கு சியாமென்ல நான்புதுவோ கோயில்லயே சைவ சாப்பாடு கிடைக்குது, டூர்ல போட்ட முட்டைப் பொரியலுக்கு அது எவ்வளவோ மேல். திங்கட்கிழமை மட்டும் போயிடாதீங்க. காய்யுவான் கோயிலுக்குப் போனா பெரிய மண்டபத்துக்கு முன்னாடி போட்டோ எடுத்துட்டு அப்படியே திரும்பிடாதீங்க, தூணுங்க பின்பக்கத் தாழ்வாரத்துல இருக்கு, அங்க போர்டு எதுவும் என் கண்ணுல படல, சுத்திக்கிட்டுப் போகணும்.