சைடு வீல் மாட்டிய ஸ்கூட்டர் இடப்பக்கம் இழுக்கிறதா? 29,200 ரூபாய் பறிகொடுத்தவன் எழுதுகிறேன், படித்துவிட்டுப் போங்கள்

ஆத்திரத்தோடுதான் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஸ்கூட்டருக்கு சைடு வீல் மாட்டித் தருகிற ஒரு பட்டறையில் 29,200 ரூபாய் கொடுத்துவிட்டு, ஓட்டவே முடியாத வண்டியோடு வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். புகார் போயிருக்கிறது, அதனால் பட்டறைப் பெயரை இங்கே போடவில்லை. ஆனால் என்னைப் போன்ற மாற்றுத்திறனாளிகள் இன்னும் எத்தனை பேர் அங்கே போய் நிற்கப் போகிறார்களோ என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

எனக்குச் சின்ன வயதில் போலியோ. வலது கால் சூம்பிவிட்டது, காலிப்பர் (காலைத் தாங்கிப் பிடிக்கிற கம்பிச் சட்டம்) போட்டு ஊன்றுகோலோடு நடப்பேன். அரசு கொடுக்கிற இணைப்புச் சக்கர ஸ்கூட்டருக்கு மனுப் போட்டவர்கள் நிறைய இருக்கிறார்கள், நாம்தான் சம்பாதிக்கிறோமே, அது இல்லாதவர்களுக்குப் போகட்டும் என்று கடன் போட்டு ஒரு 110 சிசி கியர் இல்லாத ஸ்கூட்டர் எடுத்தேன். அதற்கு சைடு வீல் மாட்ட இடம் தேடும்போதுதான் செல்போனில் அந்த வீடியோ வந்தது. ஒரு அம்மா ஊன்றுகோலை வண்டியில் செருகிவிட்டு, சிரித்துக்கொண்டே ஓட்டிப் போகிறார். கீழே ஏகப்பட்ட பேர் வாழ்த்தியிருந்தார்கள்.

நேரில் போனேன். பைபாஸ் ஓரத்தில் ஷீட் போட்ட பட்டறை, வாசலில் மாட்டி முடித்த வண்டிகள் வரிசையாக நின்றன. ஓனர் என்னைப் பார்த்ததும் நாற்காலி போடச் சொன்னார், டீ வந்தது. அப்புறம் அவர் செய்ததை என்னால் மறக்கவே முடியவில்லை. தரையில் குந்தி, என் காலிப்பரின் முழங்கால் வார் தளர்ந்திருந்ததைப் பார்த்து அவரே இழுத்து மாட்டினார். "எங்க அக்காவுக்கும் இதேதாண்ணே. உங்ககிட்டப் போயி லாபம் பார்த்தா எனக்கு நல்ல சாவு வராது" என்றார். வெளியாள் ஒருவர் முகம் சுளிக்காமல் காலிப்பரைத் தொடுவது எங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது எங்களுக்குத்தான் தெரியும். அது அவருக்கும் நன்றாகத் தெரிந்திருக்கிறது. அந்த இடத்திலேயே 20,000 அட்வான்ஸ் போனிலிருந்து அனுப்பினேன். பில் கேட்டதற்கு, "மாட்டி முடிச்சதும் ஜிஎஸ்டி பில்லே தர்றேன், ஆர்சியில ஏத்துறதையும் நாங்களே பார்த்துக்கறோம்" என்றார். வண்டி எடுக்கும்போது மீதி 6,000 வாங்கிக்கொண்டு கையில் கொடுத்தது எஸ்டிமேட் சீட்டு. அதில் ஒரு முத்திரைகூட இல்லை.

பட்டறை வாசலில் மெதுவாக ஓட்டியபோதே ஹேண்டில் இடப்பக்கம் போகிற மாதிரி இருந்தது. சொன்னேன். "புது டயர்ணே, ஓட ஓடப் பழகிடும்." பைபாஸில் ஏறி வேகம் பிடித்ததும்தான் தெரிந்தது. இடது கைப்பிடியை முன்னால் தள்ளி, வலது கையை ஆக்சிலேட்டரோடு சேர்த்துப் பின்னால் இழுத்துப் பிடித்தால்தான் வண்டி நேராகப் போகிறது. கொஞ்சம் தளர்த்தினால் இடப்பக்கம் கோடு தாண்டுகிறது. ஓரிடத்தில் தார் முடிந்து மண் தொடங்குகிற பள்ளத்தில் இடது சக்கரம் இறங்கிவிட்டது, பின்னால் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே ஒட்டிப் போனது. உயிரோடு வீடு வந்தது பெரிய காரியம். மறுநாள் தோள்பட்டையைத் தூக்க முடியவில்லை. ஊன்றுகோல் பிடித்து நடக்கிறவனுக்குத் தோள் போனால் நடையே போச்சு.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் போன்தான். முதலில் 500 கிலோமீட்டர் ஓடட்டும், செட் ஆகிவிடும் என்றார்கள். அப்புறம் காற்றைச் சரிபாருங்கள் என்றார்கள், பார்த்தேன், இரண்டு சைடு வீலிலும் ஒரே அளவுதான். அப்புறம் "ரோடு சரிவுண்ணே" என்றார். திரும்ப வண்டியைக் கொண்டுபோய் விட்டபோது கோன் செட் (ஹேண்டில் தண்டு திரும்புகிற இடத்துப் பேரிங்) போய்விட்டது என்று சொல்லி, கோன் செட் மாற்றவும் 'அலைன்மென்ட்' பார்க்கவும் 3,200 ரூபாய் வாங்கினார்கள். புது வண்டியில் கோன் செட் எப்படிப் போகும் என்று கேட்டேன், பதில் இல்லை. ஆக மொத்தம் 29,200. இழுப்பு துளிகூடக் குறையவில்லை.

கடைசியாக அவர் சொன்னதுதான் என்னை இந்தப் பதிவு எழுத வைத்தது. "உங்களுக்கு வலது கால்ல பலம் இல்ல. நீங்க வெயிட்டை இடப்பக்கமா போட்டு உட்கார்றீங்க, அதான் இழுக்குது. வண்டியில ஒண்ணும் குறை இல்ல." வார் மாட்டிவிட்ட அதே ஆள். 29,200 ரூபாயையும் வாங்கிக்கொண்டு என் காலைக் குறை சொல்கிறார்! அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

காலையில் என் மச்சானை ஓட்டச் சொன்னேன். இரண்டு காலும் நன்றாக இருக்கிற ஆள். அவருக்கும் அதே இழுப்பு. பக்கத்தில் உள்ள கல்யாண மண்டபத்தின் சிமென்ட் தரையில், ஆளே உட்காராமல், ஹேண்டிலை நேராக வைத்துப் பின்னாலிருந்து தள்ளிவிட்டோம். சமதளம், சரிவே கிடையாது. வண்டி தானாக இடப்பக்கம் வளைந்து போய்த் தூணுக்குப் பக்கத்தில் நின்றது. ரோட்டுச் சரிவு, என் கால், எல்லாக் கதையும் அங்கேயே முடிந்துவிட்டது.

எங்கள் ஊரில் டிராக்டர் டிரெய்லருக்கு ஆக்சில் வேலை பார்க்கிற ஒரு லேத் பட்டறைப் பெரியவர் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோனோம். அவர் எதையும் கழற்றவில்லை. முதலில் எங்களை ஒரு சுற்று ஓட்டிவரச் சொல்லி, வந்ததும் இரண்டு சைடு வீல் ஹப்பிலும் கை வைத்துப் பார்த்தார். வலது ஹப் சாதாரணமாக இருந்தது, இடது ஹப் சுட்டது. ஜாக்கி போட்டுத் தூக்கிக் கையால் சுற்றிவிட்டார். வலது சக்கரம் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது, இடது ஒரு சுற்றுகூட முழுசாகச் சுற்றாமல் கறகறவென்று நின்றுவிட்டது. பேரிங் பழையது, கிரீஸுக்கு மேல் துரு. ஒரு பக்கச் சக்கரம் இறுகினால் வண்டி அந்தப் பக்கம்தான் இழுக்கும். "இது பாதிதான் தம்பி, மீதி வேற எங்கேயோ இருக்கு" என்றார்.

அப்புறம் நூல் எடுத்தார். ஹேண்டில் தண்டு இறங்குகிற இடத்துக்கு நேர் கீழே, வண்டியின் நடு மையத்தில் நூலின் ஒரு முனையை என் மச்சானைப் பிடிக்கச் சொல்லி, இடது ஆக்சில் முனை வரை இழுத்து முடிச்சுப் போட்டார். அதே நூலை வலப்பக்கம் கொண்டுபோனார். முடிச்சு எட்டவில்லை. இடப்பக்க முனை வலப்பக்கத்தைவிட முன்னால் தள்ளியிருக்கிறது. மூலை மட்டம் வைத்து அளந்தால் 14 மில்லிமீட்டர். வலது, இடது டயரை மாற்றி மாட்டியும் ஓட்டிப் பார்த்தோம். டயரில் குறை இருந்தால் இழுப்பு பக்கம் மாறியிருக்கும், மாறவில்லை.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன். ஆக்சிலின் இடது முனை முன்னால் இருந்தால் இரண்டு சைடு வீலும் வலப்பக்கம் முகம் திரும்பி நிற்கின்றன. ஓடும்போது அவை வண்டியின் வாலை வலப்பக்கம் தள்ளும், வால் வலது போனால் மூக்கு இடது போகும். வண்டியின் சொந்தப் பின் சக்கரமோ நேராகப் போகப் பார்க்கிறது. ஆளுக்கொரு பக்கம் மாடு இழுக்கிற ஏர் மாதிரி. டயரைத் தடவிப் பார்த்தேன், இத்தனை சீக்கிரத்தில் ஒரு ஓரம் மட்டும் பிசிறு பிசிறாகத் தேய்ந்திருந்தது.

எப்படிக் கோணலானது என்பதையும் பெரியவர் காட்டினார். சைடு வீல் சட்டத்தை வண்டியின் சேஸோடு சேர்க்கிற பட்டையில் பெயின்டைச் சுரண்டினார். போல்ட் ஓட்டை பொருந்தவில்லை என்று கேஸ் கட்டரால் நீளமாக்கியிருக்கிறார்கள், இடப்பக்கம் வாஷரை அடுக்கித் திணித்திருக்கிறார்கள், வலப்பக்கம் வாஷரே இல்லை. வேறு ஏதோ மாடல் ஸ்கூட்டருக்குச் செய்த கிட்டை என் வண்டியில் அடித்து மாட்டி, மேலே கருப்புப் பெயின்ட் பூசிக் கொடுத்துவிட்டார்கள். கோன் செட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கோன் செட் இறுகினால் ஹேண்டில் கட்டையாகி வண்டி இரண்டு பக்கமும் அலையும், இப்படி ஒரே பக்கமாக விடாமல் இழுக்காது என்றார்.

ரோட்டுச் சரிவு என்று அவர்கள் சொன்னதில் அரை உண்மை இருக்கிறது, அதனால்தான் நிறையப் பேர் நம்பிவிடுகிறார்கள். மழைத்தண்ணீர் வடிவதற்காக ரோட்டின் நடுப்பகுதி உயர்ந்து ஓரம் தாழ்ந்திருக்கும், நாம் இடப்பக்கம் போகிறவர்கள். இரண்டு சக்கர வண்டி சாய்ந்து சமாளித்துக்கொள்ளும், சைடு வீல் போட்டது சாயாது, கொஞ்சம் இடப்பக்கம் வழுகும். கொஞ்சம்தான். ஒரு கையால் லேசாகப் பிடித்தால் அடங்கிவிடும். தோள் வலிக்கிற அளவுக்கு இழுத்தால் அது ரோடு இல்லை.

போட்டோ, வீடியோ, அளந்தது எல்லாவற்றையும் அனுப்பினேன். பார்த்துவிட்டார்கள், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. அவர்கள் பக்கத்தில் கமென்ட் போட்டேன், அழித்துவிட்டு என்னை பிளாக் செய்தார்கள். ஒரு ஸ்டார் ரிவ்யூ போட்டதும் மட்டும் உடனே போன் வந்தது. "ரிவ்யூவை எடுங்க, அப்புறம் பேசலாம்." 29,200 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள், எடுக்கிறேன் என்றேன். "நீங்க வெளியில கைவெச்சுட்டீங்க, வாரண்டி போயிடுச்சு" என்று வைத்துவிட்டார்கள். சுரண்டியது பெயின்டைத்தான்! அதற்கு வாரண்டி போய்விட்டதாம். ஆர்சியில் ஏற்றுகிற பேச்சே இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவுப்படி இந்த மாதிரி மாற்றத்தை ஆர்டிஓ அலுவலகத்தில் பதிய வேண்டும். பதியாமல் ஓட்டி ஏதாவது ஆனால் மாட்டிக்கொள்வது நாம்தான், அவர்கள் இல்லை.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள், யார் காலைத் தொட்டாலும் சரி. கிட் உங்கள் மாடலுக்கென்றே செய்ததா, சோதனைச் சான்று இருக்கிறதா என்று காகிதத்தில் காட்டச் சொல்லுங்கள். வண்டி எடுக்கிற அன்றே சிமென்ட் தரையில் ஆள் இல்லாமல் தள்ளிப் பாருங்கள், நூல் வைத்து இரண்டு பக்கமும் அளக்கச் சொல்லுங்கள், மாட்டேன் என்றால் மீதிப் பணம் தராதீர்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் வெளியே வராதீர்கள். ஏமாந்துவிட்டீர்கள் என்றால் 1915-க்குக் கூப்பிடுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்காமல் நாமே வாதாடலாம், 2 வருடத்துக்குள் போக வேண்டும். நான் பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், அந்த எஸ்டிமேட் சீட்டு, அளந்த வீடியோ எல்லாவற்றையும் வைத்து மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பைபாஸ் ஓரப் பட்டறை, ஊன்றுகோல் அம்மா வீடியோ என்றதும் யாருக்காவது இடம் பிடிபட்டால், அங்கே மாட்டிய வண்டியை இன்றைக்கே ஒரு தடவை தள்ளிப் பாருங்கள். இடப்பக்கம் போனால் எனக்குத் தனியாக எழுதுங்கள், சேர்ந்தே மனுக் கொடுப்போம்.