சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பா, இயந்திர வரைவுத் திருத்தமா?

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பின்னர், கொழும்பில் மொழிபெயர்ப்பை நம்பி வாழ்பவர்களுக்கு இரண்டு வழிகள் தெரிகின்றன. இயந்திரம் தரும் வரைவைத் திருத்தும் வேலையை உடனே தொடங்கலாம். ஆனால் இயந்திரம் மேம்பட மேம்பட, திருத்த வேண்டியதும் கூலியும் குறையும். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராவதற்கு, அதாவது மொழிபெயர்ப்பு சரியென்று கையொப்பமிட்டுச் சான்றளிப்பவராவதற்கு, காலம் எடுக்கும்; எனினும் அங்கே விலைபோவது வேகமன்று, கையொப்பமும் முத்திரையும் சுமக்கும் பொறுப்பே. புதுக்கடை நீதிமன்றத்துக்குப் போகும் காணி வழக்கொன்றில், 'உறுதி' என்பது காணி உரிமை ஆவணத்தின் பெயரென்று அறியாமல், 'நிச்சயம்' என்ற பொருளில் இயந்திரம் ஆங்கிலப்படுத்திவிட்டால் (தமிழகத்தார் அந்த ஆவணத்தைப் பத்திரம் என்பர்), பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழியும் தெரிந்தவர் இரண்டாவதையே தேர்வது நல்லது. முத்திரை கிடைக்கும்வரை, வீட்டு வாடகைக்காக, முதலாவதையும் செய்யலாம்.